ஸ்கின் கலர்

மணி ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். அடித்தது. ஆபரேட்டர் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனான். ஒரு மடக்குக் குடிப்பதற்குள் மணி இன்னொரு தடவையும் அடித்தது.

கை அந்தரத்தில் நின்றது. எதிரே அவனுடைய ஜெட் மெஷின் வழக்கம்போல முனகிக்கொண்டிருந்தது. ஒரு லாரி படுத்துக்கிடக்கிற நீளத்துக்கு எஃகு உருளை, அதன் வயிற்றுக்கடியில் பம்பு, முதுகில் ஒரு குழாய். கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக மத்தியான வெயில் தரையில் சதுரம் சதுரமாகக் கிடந்தது. ஈர எஃகும் ஆசிட்டின் புளித்த வாடையும் நனைந்த துணியின் மக்கலும் சேர்ந்து மூக்குக்குள் ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருந்தன. வாராந்திர லீவு. சாயப்பட்டறையில் மற்ற மெஷின்கள் எல்லாம் வாயைத் திறந்துகொண்டு சும்மா கிடந்தன. சூடு காட்டும் எண் நாற்பதைத் தொட்டிருந்தது. குளிக்கிற தண்ணீரின் பதம்.

ஜெட் என்றதும் ஆகாயத்தில் பறக்கிற சமாச்சாரம் என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பறப்பது துணி. வெள்ளைத் துணியை நீளவாக்கில் கயிறாகத் திரட்டி உருளையின் வாய் வழியாக உள்ளே விடுவார்கள். ஒரு சுற்று சுற்றி வந்ததும் முதல் முனையையும் கடைசி முனையையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அவ்வளவுதான், அதற்கு அப்புறம் துணிக்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது. வாயை இறுக்கி மூடினால் பம்பு வேலையைத் தொடங்கும். நாசில் என்று ஒரு குறுகலான கழுத்து, முஷ்டி நுழைகிற அகலம். அதன் வழியாகச் சாயத்தண்ணீர் பீய்ச்சும், பீய்ச்சுகிற வேகத்தில் துணிக்கயிறும் இழுபட்டு ஓடும். குழாய்க்குள் போய், பின்பக்கம் உருளையின் வயிற்றில் மடிந்து விழுந்து, மெல்ல முன்னே ஊர்ந்து வந்து, மறுபடியும் நாசில். சூடு ஏறி ஏறி நூற்று முப்பதுக்குப் போகும். அழுத்தத்தில் இருப்பதால் தண்ணீர் கொதிக்காது, கொதிக்கிற தண்ணீரைவிட மோசமாக இருக்கும். அந்தச் சூட்டில்தான் பாலியெஸ்டர் இழை இளகி வாயைத் திறந்து சாயத்தை விழுங்கும்.

மணி எதற்கென்றால், அந்தத் தையலுக்குள் ஒரு சின்னக் காந்தத் துண்டை வைத்துத் தைப்பார்கள். காந்தம் நாசிலைத் தாண்டும்போது சென்சாருக்குத் தெரியும், மணி அடிக்கும். துணி ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம். ஒரு தையல், ஒரு காந்தம், ஒரு சுற்றுக்கு ஒரு மணி. இன்றைக்குத் தையல் போட்டதும் அவன்தான், காந்தம் வைத்ததும் அவன்தான்.

"சென்சார் கிறுக்குப் பிடிச்சு ஆடுது" என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டான். கேட்க ஆளில்லாத இடத்தில் ஒருத்தன் சத்தமாகச் சமாதானம் சொன்னால், அது தனக்கே பத்தவில்லை என்றுதான் பொருள்.

அடுத்த சுற்றில் மணி அடித்தது. காத்திருந்தான். இரண்டாவதும் அடித்தது. போன தடவையைவிடக் கொஞ்சம் முன்னாலேயே.

நிறுத்தலாம். சிவப்புப் பொத்தான் கை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆனால் நிறுத்தினால் துணி கிடந்த இடத்திலேயே கிடக்கும். கிடந்த இடத்தில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும், மடிப்பு விழும், லாட், அதாவது இந்தத் தடவை ஏற்றிய துணி மொத்தமும், குப்பை. இது சாதாரண லாட்டும் இல்லை. உள்ளாடைக்கு லைனிங் வைக்கிற துணி, ஸ்கின் கலர். ஏற்கெனவே இரண்டு தடவை இதே லாட்டை இதே மகராசன் கெடுத்து வைத்திருந்தான். டையிங் மாஸ்டர் சாம்பிளை அவன் மூஞ்சிக்கு நேரே ஆட்டி, "இது ஸ்கின் கலராய்யா? பொணத்துக்குக்கூட இதைவிட நல்ல கலர் இருக்கும்யா. உயிரே இல்ல" என்று பட்டறை முழுக்கக் கேட்கக் கத்தினார். "லீவு நாள்ல வந்து போட்டுக் குடு. இதுவும் போச்சுன்னா நாளையிலேர்ந்து நீ டிராலி தள்ளு."

டிராலி தள்ளுவது! ஊதா நிறச் சட்டைக்காரன், தனி நாற்காலி போட்டு உட்கார்ந்து பொத்தான் அமுக்குகிறவன், ஈரத் துணியை வண்டியில் போட்டுத் தள்ளுவதா? அதற்கு அவன் மச்சினன் இருக்கிறான்.

மச்சினன். அந்த நினைப்பு வந்த மாத்திரத்தில் டீ டம்ளரைக் கீழே வைத்தான்.

அவன் மனைவியின் தம்பி. எல்லோரும் கூப்பிடுவது எலி. முப்பதைத் தாண்டியும் ஒடிசலாக, எந்தச் சந்திலும் நுழைந்து வெளியே வருகிற உடம்பு. அதனாலேயே உருளைக்குள் இறங்கிச் சுத்தம் செய்கிற வேலை அவன் தலையில் விழுந்தது. பாலியெஸ்டர் ஓட்டினால் உள்சுவரில் மாவுமாதிரி வெள்ளையாகப் படியும், அதைச் சுரண்ட வேண்டும். உடைந்த ஊசியோ கழன்ற திருகாணியோ உள்ளே கிடந்தால் துணியைக் கிழித்துவிடும், அதையும் பொறுக்க வேண்டும். பொறுக்குவதற்காக எலி சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தம் வைத்திருப்பான்.

சட்டைப் பையில். ஒரு காந்தம்.

"சீ, வாயக் கழுவு" என்று ஆபரேட்டர் தன்னையே அதட்டினான். காலையில் எலியை உள்ளே இறங்கச் சொன்னது அவன்தான். உண்மை. ஆனால் அதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறதல்லவா? இந்தப் பட்டறையில் பூட்டு கிடையாது, எச்சரிக்கைப் பலகை கிடையாது, செருப்புதான் சட்டம். உள்ளே இறங்குகிறவன் செருப்பை உருளையின் வாய்க்கு நேர் கீழே கழற்றி விட்டுவிட்டு இறங்குவான். செருப்பு கிடக்கிறவரைக்கும் முதலாளியே வந்தாலும் மெஷினைத் தொடமாட்டார். ஏறி வந்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டால் மெஷின் காலி. இன்றைக்குத் துணியை ஏற்றும்போது ஆபரேட்டர் குனிந்து பார்த்தான். செருப்பு இல்லை. தரை சுத்தமாக, பளபளவென்று ஈரமாக இருந்தது.

அப்பாடா. பயல் வேலையை முடித்துவிட்டு எங்கேயோ போய் நிழலில் கிடக்கிறான். அந்தச் சோம்பேறிக்கு வேறென்ன தெரியும்? அக்கா வீட்டில் மூன்று வேளையும் தின்றுவிட்டு, "மாமா, உங்களுக்குக் கோவம் வந்தா மூக்குதான் முதல்ல சிவக்குது" என்று நக்கல் அடிக்கத்தான் லாயக்கு. ஆபரேட்டருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அதை அவன் மறைத்ததும் இல்லை.

மணி. பம்பின் முனகல். மணி.

போனை எடுத்து மச்சினனுக்கு அடித்தான். எடுத்தது மனைவி.

"தம்பி போனை சார்ஜ்ல போட்டுட்டு அப்படியே போயிட்டான்ங்க. ஏன், அங்க இல்லையா?"

"இருக்கான், இருக்கான். டீ குடிக்கப் போயிருப்பான்."

"நீங்க ஏதும் திட்டலையே? காலையில சாப்பிடாமக்கூட உங்க பின்னாடியே ஓடி வந்தான். அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. அம்மா போனப்ப அவனைத் தூக்கி என் இடுப்புல வெச்சுட்டுப் போனாங்க. எனக்கு அவன் தம்பி இல்ல, மூத்த பிள்ளை."

"சரி, சரி. ஆரம்பிக்காத."

"நானே சாப்பாடு எடுத்துட்டு வரேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"வேணாம்" என்று சொல்வதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

சூடு அறுபதைத் தாண்டியிருந்தது. இப்போது கைவிட்டால் கை வெந்து போகும். ஆபரேட்டர் பொத்தானுக்கு எதிரே வந்து நின்றான். கணக்குப் போட்டான். ஆள் உள்ளே இருந்தால் கயிறு அவன்மேல் சிக்கும், சிக்கினால் அப்போதே அலாரம் ஊரைக் கூட்டும். அடிக்கவில்லை. மணி அடிக்க வேண்டுமென்றால் காந்தம் நாசிலுக்குள் போய் வர வேண்டும். நாசில் முஷ்டி அகலம். எலியே ஆனாலும் ஒரு மனிதன் முஷ்டி அகலத்துக்குள் நுழைய முடியுமா? முடியாது. ஆகவே உள்ளே யாரும் இல்லை. ரொம்ப நல்ல கணக்கு. ஒரே ஒரு பொத்தானை அமுக்கிப் பார்ப்பதைவிட நீளமான கணக்கு.

அப்போதுதான் அந்தத் தட்டல் நினைவுக்கு வந்தது.

உருளைக்குள் தண்ணீர் நிரம்பும்போது டங், டங் என்று கேட்டது. ஸ்டீம் குழாயில் தண்ணீர் தேங்கினால் அப்படித்தான் தட்டும், தினமும் தட்டுகிறதுதான், இந்தத் தொழிலில் எவனும் அதற்குத் திரும்பிப் பார்க்கமாட்டான். அவனும் திரும்பவில்லை. ஆனால் தண்ணீர் நிரப்பியபோது ஸ்டீம் வால்வைத் திறக்கவே இல்லையே? குழாயில் ஸ்டீமே இல்லையே? கொஞ்ச நேரம் தட்டியது. வேகமாகத் தட்டியது. பம்பைப் போட்டதும் நின்றுவிட்டது.

எலிக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியே வெயில் கொளுத்தினாலும் காலி உருளைக்குள் எஃகு சில்லென்று இருக்கும். வேலை முடிந்ததும் உள்ளேயே, பின்கோடியில், கையைத் தலைக்கு வைத்துக் கண் அசருவான்.

"டேய் மாப்ள!" ஆபரேட்டர் கத்தினான். குரல் காலி மெஷின்களின் வாய்களுக்குள் போய்த் திரும்பி வந்தது. "டேய் எலி! விளையாடாத, வெளிய வா!"

பின்கட்டுக்கு ஓடினான். கழிவறையைத் திறந்தான். சாய மூட்டைகள் அடுக்கிய அறையில் மூட்டைக்குப் பின்னால் எல்லாம் தேடினான். பாய்லர்காரன் அந்தக் கோடியில் தன் அறையில் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "உங்க மச்சினனா? காலையிலேர்ந்து இந்தப் பக்கமே வரலையேண்ணே" என்றான். "ஏன், பேயடிச்ச மாதிரி இருக்கீங்க?"

ஆபரேட்டர் திரும்பி நடந்தான். மெஷினுக்குப் பக்கத்தில் கழிவுத்தண்ணீர் வாய்க்கால் ஓடுகிறது, குப்பை அடைக்காமல் இருக்க அதில் ஒரு கம்பி வலை. அந்த வலையில், பஞ்சும் நூலும் சிக்கிய அழுக்குக்கு நடுவே, நீலப் பட்டை போட்ட ரப்பர் செருப்பு ஒன்று குப்புறக் கிடந்தது.

தரை ஏன் பளபளவென்று இருந்தது? காலையில் சாயக் கரைசல் சிந்திவிட்டது. மாஸ்டர் வந்து பார்த்தால் கத்துவாரே என்று ஆபரேட்டர்தான் ஹோஸ் குழாயைப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சித் தரையைக் கழுவினான். போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டே கழுவினான். கீழே என்ன கிடக்கிறது என்று பார்க்காமலே கழுவினான்.

சூடு நூற்றைத் தாண்டியிருந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? பொத்தானை அமுக்கினானா? பாய்லர்காரனைக் கூப்பிட்டானா? மார்பில் அடித்துக்கொண்டு அழுதானா? அதெல்லாம் மனிதர்கள் செய்கிற காரியம். ஆபரேட்டர் ஒரு இரும்புக் கம்பியை எடுத்து, செருப்பை வலைக்கடியில் திணித்து, வாய்க்காலின் இருட்டுக்குள் தள்ளிவிட்டான். ரப்பர் ஆயிற்றே, மிதந்து மேலே வந்தது. மறுபடி தள்ளினான். கல்லை வைத்து அழுத்தினான். இனிமேல் நிறுத்தி என்ன ஆகப்போகிறது, போனது போனதுதான் என்று ஒரு குரல் அவனுக்குள் ரொம்ப நியாயமாகப் பேசியது. லாட்டாவது மிஞ்சட்டும். அந்தக் குரல் அவன் குரல்தான்.

மணி. மணி. இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு மூச்சு விடுகிற இடைவெளிதான்.

சுற்றுக்குச் சுற்று கிட்டே வந்துகொண்டிருந்தது. ஒரே கயிறு, ஒரே வேகம். கயிற்றோடு சேர்ந்து போகிற எதுவும் இருந்த தூரத்திலேயேதான் இருக்க வேண்டும். கிட்டே வருகிறதென்றால் அது கயிற்றோடு போகவில்லை. கயிற்றின் மேல் போகிறது. கயிற்றைப் பிடித்து, கைமாற்றிக் கைமாற்றி, தையலை நோக்கி ஊர்கிறது. முடிவே இல்லாத அந்த வளையத்தில் பிரித்துத் திறக்க முடிகிற இடம் தையல் ஒன்றுதான். அது எலிக்குத் தெரியும்.

நூற்று முப்பது. அழுத்தம் காட்டும் முள் உச்சத்தில் நடுங்கியது. இனி அந்தக் கதவை எவனாலும் திறக்க முடியாது, திறந்தால் திறந்தவனும் வெந்து போவான்.

கதவுக்குப் பக்கத்தில் உள்ளே பார்க்க வட்டமாக ஒரு கண்ணாடி. அதன் உட்புறம் ஆவி படியும். துடைக்க உள்ளே ஒரு ரப்பர் துடைப்பான், அதைத் திருப்ப வெளியே ஒரு சின்னக் கைப்பிடி. ஆபரேட்டர் கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கிர்ர்.

திரும்பினான். யாரும் இல்லை.

கிர்ர்ர்.

வெளியே இருந்த கைப்பிடி தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. பொறுமையாக. உள்ளே துடைப்பான் கண்ணாடியை ஒரு முறை துடைத்தது. ஆவி விலகியது. மறுபடி படிந்தது. மறுபடி துடைத்தது.

உள்ளே இருந்து.

வெளியே பார்க்க.

எழுந்து ஓட வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான். கைப்பிடி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் துணி மட்டும் ஓடியது, வெளிர் நிறத்தில், வழவழவென்று. ஓடிக்கொண்டிருந்த துணி கண்ணாடிக்கு எதிரே வந்தபோது வேகம் குறைந்தது. ஒரு கணம். பிறகு போனது.

மணி அடித்தது. காத்திருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். இரண்டாவது மணி வரவில்லை.

அடுத்த சுற்றிலும் ஒன்றுதான். அதற்கடுத்த சுற்றிலும் ஒன்றுதான்.

சூடு இறங்கத் தொடங்கியது. மணி ஒன்றாகவே இருந்தது. மனிதனுக்குத் தப்பிக்க ஒரு நூல் கிடைத்தால் போதும், அதைக் கயிறாக முறுக்கிவிடுவான். சென்சார்தான் கோளாறு, சூட்டில் சரியாகிவிட்டது. கைப்பிடி அதிர்வில் திரும்பியது. செருப்பு யாருடையதோ பழசு, எத்தனை மாதமாக அங்கே கிடந்ததோ. இப்படி ஒவ்வொன்றாகப் பூசி மெழுகிக்கொண்டே வந்தான். சூடு எண்பதுக்கு வந்தபோது ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்து முடித்தான்.

"என்னங்க."

தூக்கிவாரிப் போட்டது. மனைவி, கையில் அடுக்குப் பாத்திரத்தோடு, வெயிலில் நடந்து வந்த வேர்வையோடு நின்றாள். "எங்க அவன்?"

"வெளிய போனான். வருவான்."

"எங்க வெளிய?"

"எனக்கு என்ன தெரியும்? உன் தம்பிக்கு நான் காவல்காரனா? உக்காரு, இதோ துணியை எறக்கிட்டு வரேன்."

அவள் உட்காரவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பட்டறையில் துணி மடித்தவள், மெஷினைக் கண்டு அவளுக்குப் பயமில்லை. அழுத்தம் சுத்தமாக இறங்கியதைப் பார்த்துவிட்டு ஆபரேட்டர் கதவின் திருகுகளைக் கழற்றினான். கண்ணை மூடிக்கொண்டுதான் கதவை இழுத்தான். புஸ்ஸென்று ஆவி மூஞ்சியில் அடித்தது. ஆவி கலைந்தது. ஒரு கண்ணைத் திறந்தான்.

துணி. வெறும் துணி. டார்ச் அடித்துப் பின்கோடி வரை தேடினான். எஃகுச் சுவர், துணி, கொஞ்சம் தண்ணீர். ஒரு எலும்பு இல்லை, ஒரு சட்டைப் பொத்தான் இல்லை, ஒரு முடி இல்லை. ஆபரேட்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல!"

தையலைத் தேடிப் பிடித்தான். கத்தரியை வைத்து வெட்டினான். ஈரத் துணி சுலபமாக வெட்டுப்படும், இது கொஞ்சம் இழுத்தது. ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து, பிழிந்து உலர்த்தி, நிறம் ஒப்பிடுகிற விளக்குப் பெட்டிக்குள் ஒரிஜினல் சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்தான். அட! மாஸ்டர் கண்ணை வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. அச்சு அசல். வெளிர் நிறத்துக்கு அடியில் எங்கேயோ ஒரு சிவப்பு ஓடியது. உடனே மாஸ்டருக்குப் போன் போட்டான்.

"உயிர் இருக்கா?" என்றார் மாஸ்டர்.

"இருக்கு சார். நீங்களே தொட்டுப் பாருங்க."

நாளைக்கு அவன் டிராலி தள்ள வேண்டாம். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. துணியின் முனையை, துணியை வெளியே இழுக்கிற வின்ச் உருளைமேல் போட்டு ஓட்டினான். துணி வாயிலிருந்து எழும்பி, வின்ச்சில் ஏறி, டிராலிக்குள் மடிந்து மடிந்து விழுந்தது. எலி இல்லாததால் மனைவியே டிராலிப் பக்கம் நின்று இரண்டு கையாலும் மடிப்பை ஒழுங்குபடுத்தினாள்.

"எவ்ளோ மெத்துன்னு இருக்கு" என்றாள். "சூடு இன்னும் போகலையே."

"இப்பதானே எறங்குது."

முதல் டிராலி நிறைந்தது. இரண்டாவதும் நிறைந்தது. இந்த லாட் இரண்டு டிராலிக்கு மேல் வராது. துணி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது டிராலியை இழுத்துப் போட்டான். அதுவும் நிறைந்தது. ஆபரேட்டர் உள்ளே எட்டிப் பார்த்தான். உருளையின் வயிற்றில் துணி முதலில் இருந்த மட்டத்திலேயே இருந்தது.

"என்னங்க இது, முடியவே மாட்டேங்குது?"

அவன் வின்ச்சை நிறுத்தினான். பம்பை நிறுத்தினான். மெயின் சுவிட்சையே இறக்கினான். பட்டறையில் அதுவரை இல்லாத அமைதி.

துணி வந்தது.

வின்ச் சுற்றவில்லை. அசையாத இரும்பின்மேல் துணி தானாக ஏறி, வழுக்கி, இறங்கி, அவள் கைகளுக்குள் வந்து விழுந்தது. அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். டிராலியின் இரும்பைப் பிடித்துச் சில்லிட்டிருந்த அவள் ஈரக் கை துணியில் பட்டது. பட்ட இடத்தைச் சுற்றித் துணிக்குப் புல்லரித்தது. சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பி, மெல்லிய ரோமம் சிலிர்த்து நின்று, மெல்ல அடங்கியது.

அவள் கத்தவில்லை. மடிப்பு மடிப்பாகப் புரட்டிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் விரல் நின்றது. முக்கோணமாக, பளபளப்பாக ஒரு தழும்பு. சிறுமியாக இருந்தபோது அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள், தவழ்ந்து வந்த தம்பியின் முதுகில் இஸ்திரிப்பெட்டி சாய்ந்துவிட்டது. அந்தத் தழும்பை அவளைத் தவிர உலகத்தில் யாரும் அப்படித் தடவியிருக்க முடியாது. இப்போதும் அப்படியே தடவினாள். அந்த இடம் அவள் விரலுக்கு நேரே மெல்ல எழும்பியது, அடங்கியது. எழும்பியது, அடங்கியது.

ஆபரேட்டர் கத்தரியை எடுத்தான். ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. எப்படியாவது இது நிற்க வேண்டும், வருவது நிற்க வேண்டும், கதவை மூட வேண்டும். உருளையின் வாய்க்கருகே துணியைப் பிடித்தான். பிடிக்குள் அது துடித்தது.

"வெட்டாதீங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. "வலிக்கும் அவனுக்கு."

"விடு... அது துணிடி. வெறும் துணி..."

"ஏற்கெனவே வெட்டியிருக்கீங்க." அவள் முதல் டிராலிக்குள் குனிந்து, தையல் பிரித்த முனையை எடுத்து முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தாள். முந்தானை நனைந்தது. சாயம் அந்த நிறத்தில் இருக்காது. "வாங்க. வந்து இந்தப் பக்கம் பிடிங்க. மெதுவா இழுக்கணும். தம்பி இன்னும் பாதிகூட வரல."

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியை விரித்தாள். அவள் மடி நிறைந்தது. நிறைந்து, வழிந்து, ஈரத் தரையில் வெதுவெதுப்பாகப் பரவி, மடிப்பு மடிப்பாக மூச்சு விட்டபடி, ஆபரேட்டரின் காலைத் தேடி வந்துகொண்டிருந்தது.